கண்ணாடியக்காவும் லாரி முதுகில் எழுதிய ரகசியமும்

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு டயர்க்கடைக்காரருக்கு நான்கு டயரின் விலை கடன்பட்டிருந்தேன். அதைத் தவிர யாருக்கும் ஒரு காசு பாக்கி கிடையாது. லாரியைச் சொந்தக் காசில் வாங்கிவிட்டேன், அது உருளுவதற்குச் சக்கரம்தான் கடனில் வந்தது. பதினான்கே மாதத்தில் அதையும் அடைத்தேன். கடைக்காரர் ரசீது எழுதிக்கொண்டே, "இவ்வளவு சீக்கிரம் யாரும் திருப்பிக் குடுத்ததில்லையே" என்றார். "என்னை மாதிரி ஆளு இதுக்கு முன்னாடி உங்க கடைக்கு வந்திருக்க மாட்டான்" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

வீடு மாற்றித் தருவது என் தொழில். இப்போது எட்டு லாரி, இருபத்து மூன்று ஆட்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை பெட்டி, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடுவேன். ஒரு பியானோவை நான்கு மாடி ஏற்றியிருக்கிறேன், ஒரு கீறல் இல்லாமல். பட்டம் வாங்கிய எவனாவது செய்யட்டும் பார்ப்போம்.

அந்த முதல் லாரியின் நம்பர்தான் என் ராசி. அது வந்த நாள் முதல் எனக்கு இறங்குமுகமே இல்லை. அதனால் லாரியின் முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் ஒரு அடி உயர எழுத்தில் அதை எழுதி வைத்தேன். பில் புத்தகத்தின் தலையில் அச்சடித்தேன். நாங்கள் இனாமாகக் கொடுக்கும் காலண்டரில் லாரியின் படமும் நம்பரும் பளிச்சென்று இருக்கும். பிறகு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து பாஸ்வேர்டு கேட்டபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மெயிலுக்கு அந்த நம்பர். பேங்குக்கு அந்த நம்பர். டீசல் கார்டு, டயர் வாங்கும் இணையதளம், இன்சூரன்ஸ், எல்லாவற்றுக்கும் அதுவே.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றியல்ல, கண்ணாடியக்காவைப் பற்றி. என்னைப் பற்றி எழுதினால் தாள் போதாது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டும் வேலைக்கு வந்தவள் அவள். கணவர் தையற்காரர், ஒரே மகள். முதல் நாளே ஒரு பெரிய டாக்டர் வீடு. அலமாரி அலமாரியாகக் கண்ணாடிச் சாமான், முந்நூறுக்கு மேல். மற்றவர்கள் தொடவே பயந்தார்கள். இவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காகிதத்தில் உருட்டினாள், நடுவில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புது வீட்டில் பிரித்தபோது ஒன்றில்கூட விரிசல் இல்லை. அன்றைக்கு ஆட்கள் வைத்த பெயர்தான் கண்ணாடியக்கா. அவளைவிட மூத்த கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை டேப் போட்டு ஒட்டியதும், பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழுகிற மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவார்கள். வழியில் யாராவது டேப்பைக் கிழித்து மறுபடி ஒட்டினால் கோடு கோட்டோடு சேராது. இவள் கையெழுத்து பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அவள் பெட்டியை ஒருவன் திறந்து மூடினால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு காலி செய்யும்போது அந்த வீட்டுக்காரர்களே மறந்துபோனதெல்லாம் எங்கள் கைக்கு வரும். அவற்றில் பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டுகள்தான் அதிகம். கீபோர்டுக்கு அடியில், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், பீரோக் கதவின் உள்பக்கத்தில், புகைப்படத்தின் முதுகில் என்று ஒட்டி வைத்திருப்பார்கள். இவள் அவற்றை உறையில் போட்டு ஒட்டி வீட்டம்மாவின் கையில் கொடுத்து, "நான் படிக்கலம்மா. ஆனா படிச்சிருக்கலாம். இன்னைக்கே மாத்திடுங்க" என்பாள். பதினோரு வருஷம் இப்படிப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் ரகசியத்தை எங்கே வைப்பார்கள், எதை ரகசியமென்று நினைப்பார்கள் என்று அவளுக்கு அத்துப்படி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கை தேறியது, ஆனால் பெட்டி தூக்கத் தாங்கவில்லை. நான் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, அலுவலக மேசையில் உட்கார வைத்தேன். ஆள் பார்த்து வேலை கொடுப்பதில் என்னை மிஞ்ச முடியாது. மூன்றே மாதத்தில் கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டாள். அதிலும் மூட்டைக்காரி புத்திதான். வருகிற ஒவ்வொரு மெயிலையும் முதலில் நீள நோட்டில் ஏற்றுவாள், பிறகுதான் திறப்பாள். ஏற்றாத மெயில் திறக்காத மெயிலாகவே தடித்த எழுத்தில் கிடக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள்.

"மொதலாளி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோபம் வருது. சொல்லு."

"நம்ம பாஸ்வேர்டு ரோட்டுல போற நாய்க்குக்கூடத் தெரியும்."

"நாய்க்குப் படிக்கத் தெரியாது."

"நாய்க்குத் தெரியாது, திருடனுக்குத் தெரியுமே. அதுவும் எல்லாத்துக்கும் ஒண்ணே ஒண்ணு. ஒரு இடத்துல மாட்டினா அத்தனையும் போச்சு. எல்லாத்தையும் மாத்திடலாம். போனுக்கு ஒரு நம்பர் வந்து அதையும் போட்டாத்தான் திறக்கும்னு ஒரு வசதி இருக்கு, அதையும் வச்சிடலாம்."

"முப்பது வருஷமா எனக்குச் சோறு போட்ட நம்பரு. அதை மாத்தச் சொல்ற. போன்ல ஓயாம நம்பர் வந்து டொய்ங் டொய்ங்னு கத்துறது வேற. ஒண்ணும் வேணாம், போய் வேலையப் பாரு."

போய்விட்டாள். தப்புச் செய்தாலும் நான் சின்னதாகச் செய்கிறவன் இல்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் ஒரு பெரிய இன்சூரன்ஸ் அலுவலகத்தை அப்படியே பெயர்த்து ஊரின் மறுகோடியில் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். மூன்று மாடி, இருநூற்றுப் பத்து மேசை. ஆட்கள் இரண்டு வேளை வேலையை ஒரே வேளையில் பார்த்தார்கள். பில் பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். என் கையிருப்பெல்லாம் ஒரு லாரிக்கு இன்ஜின் மாற்றியதில் கரைந்திருந்தது. அந்தப் பில் பணம் வந்தால்தான் மறுநாள் சனிக்கிழமைச் சம்பளம். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் கையை விரித்ததில்லை. மழை, காய்ச்சல், என் சொந்தக் கல்யாணம், எதற்கும் தவறியதில்லை. எங்கள் மூத்த சுமைக்காரன் பீரோ (பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றுவான், அதனால் அந்தப் பெயர்) சனிக்கிழமை சாயங்காலம் புது வீட்டுக்கு அட்வான்ஸ் தருவதாக வீட்டுக்காரனிடம் சொல்லி வைத்திருந்தான்.

மணி பதினொன்று பத்து. நான் டீ குடித்தபடி, அந்த ஒன்பது நாள் வேலையை எப்படித் திட்டம் போட்டேன் என்று என் மச்சினனுக்கு ஏழாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மச்சினன் என் மனைவியின் தம்பி, டீசல் கணக்கைப் பார்த்துக்கொள்கிறவன். கண்ணாடியக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மொதலாளி, யாரோ டேப்பைக் கிழிச்சிருக்காங்க."

"எந்தப் பெட்டி?"

"பெட்டியில்ல, மெயிலு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் திரையைக் காட்டினாள். "இந்த மூணும் நேத்து நான் போனப்புறம் வந்தது. இன்னும் நோட்டுல ஏத்தல, திறக்கல. ஆனா யாரோ படிச்ச மாதிரி கிடக்கு. நீங்க திறந்தீங்களா?"

"எனக்கு அதைத் திறக்கவே தெரியாதே!"

மச்சினன் இரண்டு கையையும் உதறினான். அதற்குள் அவள் விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. நான் இதுவரை பார்த்திராத ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். சட்டென்று நின்றாள்.

"இங்க பாருங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து எந்த மெயில் வந்தாலும் நம்ம கண்ணுல படாம வேற ஒரு மூலைக்குப் போற மாதிரி யாரோ ஏற்பாடு பண்ணி வச்சிருக்கான்."

அந்த மூலையைத் திறந்தாள். ஏழு கடிதங்கள். அவற்றில் மூன்று நான் எழுதியவை! என் பெயரில், என் விலாசத்திலிருந்து, என்னைவிட அழகான மொழியில் எவனோ எழுதியிருந்தான். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாம், பில் தொகையை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேனாம். நான் என் வாழ்நாளில் யாருக்கும் நன்றியுடையவனாக இருப்பேன் என்று எழுதியதில்லை. கடைசிக் கடிதம் அந்த அலுவலகத்தின் கணக்கர் அன்று காலை பத்து நாற்பதுக்கு எழுதியது. புதிய கணக்குக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள் பணம் அனுப்பப்படும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பதினான்கு.

மச்சினன் தொண்டையைக் கனைத்தான். "மாமா, பாஸ்வேர்டு தெரிஞ்சது மூணே பேருக்குத்தான். நீங்க, நான், அப்புறம்..." என்று நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்தபிறகு இதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கும் அந்த எண்ணம் வந்தது.

அவள் திரும்பி ஜன்னலைக் காட்டினாள். முற்றத்தில் முதல் லாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு அடி உயர எழுத்தில், வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, எங்கள் ரகசியம்.

"மூணு பேரா?" என்றாள். "ரோட்டுல எண்ணிட்டு வாங்க."

அதற்குமேல் அவளுக்கு அந்தப் பேச்சுக்கு நேரமில்லை. நோட்டைப் புரட்டிக் கணக்கர் அலுவலக நம்பரைச் சுழற்றினாள். மணியே அடிக்கவில்லை. புதுக் கட்டடத்துக்கு இன்டர்நெட் மட்டும்தான் வந்திருந்தது, போன் இணைப்பு இன்னும் வரவில்லை! மேசை நாற்காலியையெல்லாம் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள், போன் கம்பிக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? மச்சினன் திரையில் குனிந்து, "இந்த மெயிலுக்கு அடியில ஒரு செல் நம்பர் இருக்கு, அடிக்கிறேன்" என்றான்.

"தொடாதீங்க! இந்த மெயில் பூரா அவன் கைபட்டது. அவனே நம்பரை மாத்தி வச்சிருப்பான். நீங்க கூப்பிட்டா அவனே எடுத்து, எல்லாம் சரியா இருக்குங்க ஐயான்னு சொல்வான்."

"அப்ப மெயில் போடு!" என்றேன்.

"போட்டா நமக்கு முன்னாடி அவன் படிப்பான்." அவள் தன் செல்போனை எடுத்து பீரோவைக் கூப்பிட்டாள். அன்று அவனுக்கு அந்தப் புதுக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, எங்க இருக்கே?"

"நாலாவது மாடிப் படியிலக்கா. முதுகுல ஃப்ரிட்ஜு."

"இறக்கி வை."

"எங்க, படியிலயா?"

"படியிலயே வை. ஒருத்தனைப் பிடிச்சுக்கச் சொல்லு. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஓடணும். நம்ம பில்லுப் பணத்தை எவனோ திருடன் தன் கணக்குக்குத் திருப்பி விட்டுட்டான், பன்னெண்டு மணிக்குப் போயிடும். மூணாவது மாடி, ஜன்னலோரம், கணக்கர் சாரு. இடது கால் ஆடுமே, அந்த மேசை."

"அந்த மேசையா! அதைத் தூக்கினதே நான்தானே." பிறகு யாரிடமோ, "டேய், ஃப்ரிட்ஜைப் பிடிடா, உன் மாமியார் மாதிரி நெனச்சுப் பிடி!" என்று ஒரு சத்தம். அப்புறம் படியில் தடதடவென்று கால்கள்.

எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்போது என் போன் டொய்ங் என்றது. பார்த்தால் ஆறு இலக்க எண் ஒன்று. அடுத்த நொடியே ஒரு அழைப்பு. தேன் ஒழுகும் குரல்.

"வணக்கம் ஐயா, உங்க பேங்குலேர்ந்து பேசறோம். உங்க கணக்குல யாரோ திருடப் பார்க்குறாங்க."

"ஆமாங்க! ஆமாங்க!" என்று கத்தினேன். கடவுளே வந்த மாதிரி இருந்தது.

"பதற்றப்படாதீங்க ஐயா, நாங்க உடனே தடுத்துடறோம். இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க."

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டேன். "நாலு... ஏழு..."

தலையில் ஏதோ வந்து மோதியது. பெட்டிகளுக்குச் சுற்றுவோமே, காற்றுக் குமிழி உள்ள பிளாஸ்டிக் சுருள், இரண்டு அடி நீளம். கண்ணாடியக்கா அறையின் மறுமூலையிலிருந்து எறிந்திருக்கிறாள், அதுவும் அந்த உடைந்த கையால்! போன் தெறித்துக் கீழே விழுந்தது. முப்பத்தோரு வருஷத்தில் என்னை அடித்த முதல் ஆள் அவள்தான். குமிழிச் சுருளாகப் போனதால் பிழைத்தேன்.

"பேங்கு ஒருநாளும் அந்த நம்பரைக் கேட்காது மொதலாளி! அவன்தான் உள்ள நுழைஞ்சு பணத்தை எடுக்கப் பார்க்குறான். பணம் எடுக்கிறப்ப பேங்கு தானா அனுப்புற அந்த ஆறு நம்பர் மட்டும்தான் இனி அவனுக்கு வேணும்!"

கீழே கிடந்த போனிலிருந்து, "ஐயா? அடுத்த நம்பர் ஐயா?" என்று தேன் ஒழுகியது. நான் அதைக் கையில் எடுத்து, இங்கே எழுத முடியாத நான்கு வார்த்தை சொன்னேன். அவன் வைத்துவிட்டான். அவள் என் பேங்கு கார்டைத் திருப்பி அதன் முதுகில் அச்சிட்டிருந்த நம்பரை மச்சினனுக்குக் காட்டினாள். "இந்த நம்பருக்குத்தான் கூப்பிடணும். கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க." மச்சினன் அடித்தான். அவளோ எங்கள் மெயில் வேறு எங்கெல்லாம் திறந்திருந்ததோ அங்கெல்லாம் இருந்து எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு, பாஸ்வேர்டை அப்போதைக்கு ஏதோ ஒன்றாக நீளமாக மாற்றினாள். அந்த மூலைக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை அழித்தாள்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு பீரோ கூப்பிட்டான். முன்வாசலில் காவலாளி கால் மணி நேரம் தடுத்து நிறுத்தினானாம். ஒன்பது நாள் அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கியவனுக்குப் பின்பக்கச் சாமான் லிஃப்ட் தெரியாதா? கணக்கரின் கையில் போனைக் கொடுத்தான்.

"யாருங்க இது? இந்த ஆளு வேர்த்து விறுவிறுத்து வந்து மேசையைப் பிடிச்சுட்டு நிக்கிறாரு."

கண்ணாடியக்கா மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "சார், உங்களுக்கு எங்க பேருல வந்த மெயிலு திருடன் போட்டது. பணம் அனுப்பாதீங்க."

"மெயிலு உங்க விலாசத்துலேர்ந்துதாம்மா வந்திருக்கு. அதை நம்பக் கூடாதுன்னா, போன்ல பேசற உங்களை மட்டும் எப்படி நம்பறது? நீங்களே திருடியா இருந்தா?"

நான் போனைப் பிடுங்கித் திட்டப் போனேன். அவள் கையால் என்னைத் தடுத்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம்! ஊரில் ஒருவனாவது சரியான கேள்வி கேட்டானே என்கிற சந்தோஷம்.

"நல்லாக் கேட்டீங்க சார். என்னை நம்ப வேணாம். நாங்க வேலைக்கு வந்த முதல் நாள் நான் உங்க கையில காகிதப் பில்லு குடுத்தேன். நீங்க அதைப் பச்சை ஃபைல்ல போட்டீங்க. அந்த ஃபைலு உங்க மேசை ரெண்டாவது டிராயர்ல, வலி மாத்திரை டப்பாவுக்கு அடியில. அதுல அச்சடிச்ச கணக்கு நம்பரையும் மெயில்ல வந்த நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் புது இடத்துல சாமான் சரிபார்க்க வந்தப்ப உங்க மேசையோட இடது காலுக்கு அடியில அட்டையை எட்டா மடிச்சு வச்சது நான்தான். அதை எடுத்துடாதீங்க, ஆடும்."

டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. காகிதம் புரண்டது. பிறகு, "ஐயையோ!" என்று ஒரு குரல். நாற்காலி விழுந்தது. காலடி ஓடியது. போனில் யாரும் இல்லை.

"பீரோ! என்னடா நடக்குது?" என்று கத்தினேன்.

"ஓடிட்டாரு மொதலாளி. மேனேஜர் ரூமுக்கு. பணத்தை இவரு ஏத்தி வச்சிட்டாராம், மேனேஜர் ஒரு பட்டனைத் தட்டினாப் போயிடுமாம்."

"நீயும் போடா!"

"போறேன், போறேன்... கண்ணாடிக் கதவு மொதலாளி, உள்ள தெரியுது. மேனேஜர் கையை மவுஸ் மேல வச்சிருக்காரு. இவரு போய் மவுஸையே பிடுங்கிட்டாரு!"

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. என் மச்சினன் என்னைக் கட்டிப்பிடித்தான், நான் அவனைக் கட்டிப்பிடித்தேன், அவனைப் பிடிக்காதென்பதையே மறந்துவிட்டேன். கண்ணாடியக்கா நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எறிஞ்சதுல சுளுக்கிடுச்சு" என்றாள்.

சாயங்காலம் ஆட்கள் எல்லோரும் திரும்பியதும் அவள் முற்றத்தில் ஒரு வேலை செய்தாள். எங்களிடம் ஒரு தகர டப்பா உண்டு. தினமும் காலையில் அன்றைய விலாசங்களைச் சீட்டில் எழுதி அதில் குலுக்குவோம். லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடி யாருக்கு விழுந்தாலும் முணுமுணுக்கக் கூடாது. அந்த டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, ஆளுக்கு இருபது சீட்டு கொடுத்து, "இதுவரைக்கும் நீங்க தூக்கின சாமான் பேரை ஒண்ணொண்ணுல ஒண்ணா எழுதிப் போடுங்க" என்றாள். கிளிக்கூண்டு என்று எழுதினான் ஒருவன். தையல் மெஷின், முக்காலி, குளியல் தொட்டி, மான்கொம்பு, பல்செட் டம்ளர். பீரோ தன் பெயரையே எழுதினான். வந்ததே திரும்ப வந்தவற்றை எடுத்துப் போட்டபிறகும் நானூறு சொச்சம் தேறியது.

"இதுலேர்ந்து ஆறு சீட்டு எடுப்போம். எடுத்த வரிசையிலேயே சேர்த்து எழுதினா அது ஒரு பாஸ்வேர்டு. அடுத்த கணக்குக்கு மறுபடி போட்டுக் குலுக்கி வேற ஆறு. ஒண்ணுக்கு வச்சது இன்னொண்ணுக்குக் கிடையாது."

"நானே ஆறு சாமான் யோசிச்சுச் சொல்றேனே" என்றேன். "என் ஞாபகசக்திக்கு டப்பா எதுக்கு?"

"நீங்க யோசிச்சா பியானோ முதல்ல வரும், லாரி ரெண்டாவது வரும் மொதலாளி. உங்களைத் தெரிஞ்ச யாரும் சொல்லிடுவான். மனுஷன் யோசிச்சா பிறந்த நாளு, பொண்டாட்டி பேரு, வண்டி நம்பருன்னு அங்கதான் போய் நிப்பான். இந்த டப்பாவுக்கு என்ன, பொண்டாட்டியா பிள்ளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதோடு விடவில்லை. போனுக்கு எண் வரும் வசதியை எல்லாவற்றுக்கும் வைத்தாள். பாஸ்வேர்டுகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டினாள். திரையில் ஒட்டினால் கையை உடைப்பேன் என்று மச்சினனிடம் சொன்னாள். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். நான் எல்லோரும் போகிறவரை காத்திருந்தேன்.

"நானும் ஒரு நிமிஷம் உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்றேன்.

"தெரியும் மொதலாளி. வாயைத் திறக்காம இருந்தீங்களே, நீங்க அப்படி இருக்கிற ஆளா?"

"கோபமா?"

"அந்தச் சுருளை எறிஞ்சேன்ல, அதோட தீர்ந்துபோச்சு."

எவன் எங்கே இருந்து எப்படி நுழைந்தான் என்று கடைசிவரை தெரியவில்லை. லாரியைப் பார்த்தானா, காலண்டரைப் பார்த்தானா, அந்த டயர் இணையதளத்தில் திருடு போய் அங்கிருந்து கிடைத்ததா என்று சொல்ல முடியாது என்றுதான் எங்கள் புகாரை வாங்கிய போலீஸ் அதிகாரியும் சொன்னார். எழுத்து இன்றைக்கும் லாரியின் முதுகில் இருக்கிறது. என் ராசி நம்பர், அதை ஏன் அழிக்க வேண்டும்? இப்போது அது வெறும் வண்டி நம்பர், அவ்வளவுதான். எவன் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்!

பழைய கணக்குக்கே பணம் அனுப்பச் சொல்லி, கணக்கர் அன்றைக்கே புதிதாக ஒரு விண்ணப்பம் கேட்டார். நானே நேரில் போய், என் பெரிய கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பணம் எங்கள் சொந்தக் கணக்கில் விழுந்தது. நிறுத்தி வைத்த கணக்கைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, பேங்கு மூடுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மச்சினனும் நானும் பணப் பையோடு வெளியே வந்தோம்.

சம்பளத்தை நான் யாருக்கும் போனில் அனுப்புவதில்லை, கையில்தான் எண்ணி வைப்பேன். மூன்று மணிக்கு முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பீரோ முதலில் வந்தான், அட்வான்ஸ் பணத்தை அங்கேயே தனியாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்குக் குத்தினான். ஒவ்வொருவராக வந்தார்கள், ஒன்பது நாளுக்கும் இரட்டைச் சம்பளம். ஒருவனுக்கும் ஒரு நோட்டுக் குறையவில்லை.

கடைசியில் அவள் வந்தாள், மணிக்கட்டில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு. மற்ற நாட்களில் மேசைமேல் வைத்தாலே எடுத்துக்கொள்வாள். அன்று நான், "கையை நீட்டும்மா" என்றேன். நல்ல கையை நீட்டினாள். அகலமான கை, பதினோரு வருஷம் டேப் கிழித்துக் காய்த்துப்போன விரல்கள். எச்சில் தொட்டு முதல் நோட்டை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவசரப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க எண்ணி, கடைசி நோட்டு வரை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.